புது போஸ்டிங், தெரியாத முகங்கள்: கணவர் களப்பணிக்குக் கிளம்புவதற்குள் தோழமை தேடுவது எப்படி?

மூட்டைமுடிச்சு:

அனைவருக்கும் வணக்கம். கணவருக்கு இராணுவத்தில் வேலை. புது போஸ்டிங்கில் வந்து சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. இங்கே மொத்தம் 24 மாதம் இருப்போம். குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடியில் கடைசி வீடு. குழந்தைகள் இல்லை. என் வேலை வீட்டிலிருந்தே கணினியில் நடப்பது, ஆகவே அலுவலகத் தோழமைக்கும் வழியில்லை. இன்னும் நான்கு மாதத்தில் அவர் களப்பணிக்குக் கிளம்புவார். திரும்ப ஆறேழு மாதம் பிடிக்கும்.

படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், அதற்கு மேல் நகரவில்லை. அவர் கிளம்புவதற்குள், நடுராத்திரியில் கூப்பிடலாம் என்ற அளவுக்கு ஓரிருவராவது வேண்டும். நான்கு மாதத்தில் அது ஆகக்கூடியதா? எங்கிருந்து தொடங்குவது? யூனிட் குடும்பங்களோடு நெருங்கிப் பழகலாமா, வெளியே தேடுவது நல்லதா? ஆறுதல் வார்த்தைகளைவிட, செய்யக்கூடியதாக ஏதாவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மாடிப்படி:

ஆகக்கூடியதுதான். ஆனால் மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எப்படி என்று பிடிபடும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட உங்கள் நிலைமையைப் பற்றியது. அதன் முதல் பகுதியில் அவர் விசாரித்தது, ஊர் மாறி ஆறு மாதத்துக்குள் இருந்த, புது நட்பு தேடிக்கொண்டிருந்த 355 பேரை. தெரிந்த முகம் என்ற நிலையிலிருந்து சாதாரணப் பழக்கம் ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம், 'தோழி' என்று சொல்லும்படி ஆக 90 மணி, நெருங்கிய தோழி ஆக 200 மணிக்கு மேல். இத்தனையும் சேர்ந்து கழித்த நேரம்.

இதை உங்கள் காலண்டரில் வைத்துப் பாருங்கள். ஒருவரை வாரத்துக்கு 2 மணி நேரம் பார்த்தால் 50 மணி சேர 25 வாரம் ஆகும். அதற்குள் உங்கள் கணவர் போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும். 200 மணி சேர 100 வாரம். அப்போது நீங்கள் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். இதுவே வாரத்துக்கு 5 மணி என்றால் 10 வாரத்தில் 50, 18 வாரத்தில் 90, 40 வாரத்தில் 200. உங்களிடம் இருப்பது 17 வாரம். அதனால் பத்துப் பேரோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவதை விட்டுவிட்டு, இரண்டு பேரோடு வாரம் 5 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5 மணி எங்கிருந்து வரும் என்றால், விருந்து வைப்பதில் வராது. வாரத்தில் மூன்று நாள் 40 நிமிட நடை, அதிலேயே 2 மணி. வாராந்தரச் சாமான் வாங்க ஒன்றாகப் போய் வந்தால் 1 மணி. ஒரு மாலை இரண்டு மணி நேரம் யாராவது ஒருவர் வீட்டில், அவரவர் வேலையை வைத்துக்கொண்டு உட்காருவது. துணி மடிக்கலாம், பொத்தான் தைக்கலாம். கை வேலையாக இருக்கும்போது பேச்சு நின்றாலும் யாருக்கும் சங்கடமாக இருக்காது.

எல்லா மணி நேரமும் ஒன்றல்ல. ஒரே இடத்தில் வேலை பார்த்துக் கழிந்த நேரம் நட்பை அவ்வளவாக வளர்க்கவில்லை என்றும் ஹால் கண்டார். குடும்ப நலக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் மேடையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தால், கணக்கில் பூஜ்யம்தான். கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கி அடுக்குகிறார்களே, அந்த இருபது நிமிடம்தான் கணக்கு. அதற்கு நின்றுவிட்டு வாருங்கள்.

அடுத்தது வீடு. 1950-இல் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்றும் குவார்ட்டர்ஸ் வாழ்க்கைக்கு அப்படியே பொருந்துகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திருமணமான மாணவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் செய்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களின் குடும்பங்கள்தான் அங்கே பெரும்பாலும் இருந்தன. ஒரே தளத்தில் அடுத்த கதவுக்காரர்கள் நண்பர்களாக இருந்தது 41 விழுக்காடு, தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்கள் 10 விழுக்காடு. நடுவில் இருந்தது சில அடி தூரம்தான். படிக்கட்டின் அருகிலும் தபால் பெட்டியின் அருகிலும் இருந்தவர்களுக்கு மற்றத் தளத்திலும் நண்பர்கள் இருந்தார்கள்.

நீங்கள் இருப்பது இரண்டாவது மாடியில் கடைசி வீடு. உங்கள் கதவைத் தாண்டிப் போக யாருக்கும் காரணமே இல்லை. அவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வீடு அமைந்திருக்கும் விதம் அப்படி. ஆகவே நீங்கள்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். தினமும் ஒரே நேரம் கீழே இறங்குங்கள். காலை 7 என்றால் 7 தான். மாற்றி மாற்றிப் போனால் ஒவ்வொரு நாளும் வேறு முகம். ஒரே நேரத்தில் போனால் பத்து நாளில் அதே நான்கு முகம் திரும்பத் திரும்ப வரும். கணினி வேலையில் ஒரு மணி நேரத்தைக் கீழே பொது இடத்திலோ நூலகத்திலோ செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

வீடு ஒழுங்கான பிறகு ஆட்களைக் கூப்பிடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் மூன்று மாதத்தை அந்த எண்ணம்தான் தின்கிறது. பெட்டிகள் அடுக்கியிருக்கும் வீட்டில் உட்காருவது இவர்களில் யாருக்கும் புதிதல்ல.

கடைசிவீடு:

மாடிப்படி சொன்ன கணக்கு சரி. அந்த 5 மணி நேரத்தை யாருக்குக் கொடுக்கிறதுன்னு நான் சொல்றேன். மத்த ஊர்ல இந்தக் கேள்வியே வராது, நம்ம வாழ்க்கையில இதுதான் முதல் கேள்வி.

புதுசா ஒருத்தங்கள பார்த்ததும் ரெண்டு விஷயம் கேளுங்க. எப்ப வந்தீங்க, இன்னும் எத்தனை மாசம் இருப்பீங்க. நம்மள்ள இதைக் கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. கடைசி மூணு மாசத்துக்குள்ள வந்தவங்கன்னா அவங்க நேரமும் காலியா இருக்கும், மனசும் தேடிக்கிட்டு இருக்கும். இன்னும் ரெண்டே மாசத்துல கிளம்பறவங்க டாக்டர், பிளம்பர், பஸ் எல்லா விவரமும் தங்கமா சொல்லுவாங்க, ஆனா புதுசா ஒரு நட்பைத் தொடங்க அவங்ககிட்ட தெம்பு இருக்காது. அதை மனசுல வச்சுக்காம விவரத்தை மட்டும் கேட்டு எழுதிக்குங்க.

யூனிட்டா வெளியவான்னு கேட்டீங்க. ரெண்டும் வேணும். ஒரே யூனிட் ஆளுங்கன்னா நீங்க எதையும் விளக்க வேண்டியதில்ல. ஆனா உங்க வீட்டுக்காரர் கிளம்பற அன்னிக்கே அவங்க வீட்டுக்காரரும் கிளம்புவார். நீங்க உடைஞ்சிருக்கிற அன்னிக்கு அவங்களும் உடைஞ்சிருப்பாங்க. அதனால மூணு பேர் கணக்கு வச்சுக்குங்க: உங்க யூனிட்ல ஒருத்தர், அதே வளாகத்துல வேற யூனிட் ஒருத்தர், இராணுவத்துக்கே சம்பந்தமில்லாத ஒருத்தர். மூணு பேரும் ஒரே நாள்ல சோர்ந்து போக மாட்டாங்க.

ரேங்க் விஷயம். வேலையில இருக்கறவங்களுக்குத்தான் ரேங்க், வீட்ல இருக்கறவங்களுக்குக் கிடையாது. அறிமுகம் செய்யும்போது உங்க பேரைச் சொல்லுங்க, 'இன்னாரோட மனைவி'ன்னு தொடங்காதீங்க. எதிர்ல இருக்கறவங்க ரேங்கை முதல் சந்திப்புலயே கேக்காதீங்க. அதே சமயம் ஒரு கோடு இருக்கு. உங்க தோழியோட கணவர் உங்க கணவருக்கு நேர் மேலதிகாரியா இருந்தாலும், அல்லது நேர் கீழ இருந்தாலும், நாலு பேச்சு வேண்டாம்: லீவு, பதவி உயர்வு, மதிப்பீட்டு அறிக்கை, யார் யாரை எங்க அனுப்பறாங்க. கடன் கொடுக்கறதும் வாங்கறதும் வேண்டவே வேண்டாம். 'நீங்க ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லுங்களேன்'னு ஒரு தடவை கேட்டாலும் அந்த நட்பு முடிஞ்சுது, ஏன்னா அதுக்கப்புறம் நீங்க வீட்டுக்கு வந்தாலே எதுக்கு வந்திருக்காங்கன்னு தோணும். சில படைகள்ல வெவ்வேறு ரேங்க்காரங்க பழகறதுக்கே எழுத்துல விதி இருக்கும், அது வேலையில இருக்கறவங்களுக்கு. உங்க படையில எப்படின்னு கணவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

இன்னொண்ணு. முதல் வாரமே ஒருத்தர் வந்து உட்கார்ந்து வளாகத்துல யார் யார் எப்படின்னு முழுக்கதையும் சொன்னா, மரியாதையா கேட்டுக்குங்க, பதிலுக்கு எதுவும் சொல்லாதீங்க. அடுத்த வாரம் அதே சோபாவுல உங்க கதை ஓடும். பகைச்சுக்கவும் வேண்டாம், அவங்ககூட ஒரே கட்டடத்துல 24 மாசம் இருக்கணும். உடம்புக்கு, வானிலைக்கு, வீட்டு ரிப்பேருக்குப் பேச்சை நகர்த்திடுங்க.

மூட்டைமுடிச்சு:

இரண்டு பேருக்கும் நன்றி. வீடு அமைந்த விதம் ஒரு காரணம் என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. ஒரு சந்தேகம். எங்கள் கட்டடத்தில் ஆறு பேர் ஏற்கெனவே ஒரு வருடமாக ஒன்றாக இருக்கிறார்கள். மாலையில் கீழே நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். போனால் இடம் கொடுக்கிறார்கள், பேசுகிறார்கள், ஆனால் அவர்களாக ஒருநாளும் கூப்பிடுவதில்லை. இரண்டு முறை 'ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள்' என்று சொல்லிவிட்டேன், யாரும் வரவில்லை. வேண்டாம் என்பதன் மரியாதையான வடிவமா இது?

தூறல்:

பெரும்பாலும் இல்லை. 'ஒரு நாள் வாருங்கள்' என்பதற்கு யாராலும் ஆம் என்று சொல்ல முடியாது, அதில் நாளே இல்லையே. அழைப்பு என்றால் அதில் நான்கு இருக்க வேண்டும்: எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம், என்ன செய்யப் போகிறோம். இப்படி அனுப்பிப் பாருங்கள்: 'சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பின்வாசல் வழியாக நடக்கப் போகிறேன். 40 நிமிடம். 6.55-க்குப் படிக்கட்டடியில் நிற்பேன். முடிந்தால் வாருங்கள், இல்லாவிட்டாலும் நான் போவேன்.' கடைசி வரி முக்கியம். வர முடியாதவருக்கு உங்களைக் காக்க வைத்த குற்ற உணர்ச்சி வராது, அதனால் அடுத்த முறை உங்களைப் பார்த்து ஒதுங்க மாட்டார். முடியும் நேரம் சொல்லியிருப்பதும் அதே காரணத்துக்காக. எப்போது விடுபடுவோம் என்று தெரியாத அழைப்பை ஏற்க எல்லோரும் தயங்குவார்கள்.

ஆறு பேர் வட்டத்தை ஆறு பேராகப் பார்க்காதீர்கள். வட்டத்துக்குள் நுழைய முடியாது, ஒரு ஆளோடு பழக முடியும். அந்த ஆறு பேரில் கடைசியாக வந்து சேர்ந்தவர் யார் என்று கவனியுங்கள். ஓரத்து நாற்காலியில் இருப்பார், பழைய கதை பேசும்போது அவர் சிரிப்பு அரை நொடி தாமதித்து வரும். அவரிடம் சின்னதாக ஒன்று கேளுங்கள். ஏணி, சுவரில் துளை போடும் கருவி, அஞ்சல் அலுவலகம் எந்தப் பக்கம், இப்படி. கருவியை இரவல் வாங்கினால் வாங்கும்போது ஒரு சந்திப்பு, இரண்டு நாளுக்குள் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்று. கொடுத்தவருக்கும் உங்கள்மேல் ஒரு உரிமை வந்துவிடும். பிறகு நடைக்கு அவரைத் தனியாக அழையுங்கள். மூன்று வாரத்தில் அவரே உங்களை அந்த வட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போவார்.

அவர்கள் உங்களை விரும்பவில்லை என்று தோன்றுவதைப் பற்றி. 2018-இல் பூத்பி, கூனி, சாண்ட்ஸ்ட்ராம், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் நால்வரும் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார்கள். முன்பின் தெரியாத இருவர் பேசி முடித்ததும் தனித்தனியாகக் கேட்டபோது, எதிராளி தன்னை எவ்வளவு விரும்பினார் என்பதைச் சராசரியாகக் குறைத்தே மதிப்பிட்டார்கள். நாம் சொன்னதில் எது சரியில்லை என்று நம் மனம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதால் எதிரே இருந்தவரின் முகத்தில் தெரிந்த விருப்பத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆகவே படிக்கட்டு ஏறி வந்தபின் உங்களுக்கு நீங்களே போடும் மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே கணக்கு வையுங்கள்: வெவ்வேறு நாளில், நாளும் மணியும் சொல்லி மூன்று முறை அழைத்தும் வராதவரை இரண்டு மாதம் விட்டுவிடுங்கள். 'இந்த வாரம் முடியாது, அடுத்த செவ்வாய் பார்ப்போமா' என்று மாற்று நாள் சொன்னவர் மறுத்தவர் அல்ல.

வீட்டுக்குக் கூப்பிடும் கட்டம் வந்ததும், எட்டுப் பேரைக் கூப்பிட்டால் நான்கு பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர்தான் நல்ல அளவு, எல்லோரும் ஒரே பேச்சில் இருக்க முடியும். ஆறு ஆனால் பேச்சு இரண்டாகப் பிரியும், புதியவர் பிளவில் மாட்டுவார். ஒன்றரை மணி நேரம், ஒன்றுவிட்டு ஒரு வாரம், அதே கிழமை. சாப்பாட்டை வேண்டுமென்றே எளிமையாக வையுங்கள். முதல் முறை ஐந்து வகை செய்தால் அடுத்து அழைக்க வேண்டியவர் ஆறு வகை செய்ய வேண்டுமே என்று தயங்குவார், மூன்றாவது சந்திப்பே நடக்காது. இப்படி நின்றுபோன கூட்டங்கள்தான் வளாகங்களில் அதிகம்.

மிதிவண்டி:

கணவர்மார் சார்பில் ஒரு வார்த்தை, மனைவி படையில் இருக்கும் ஆண்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால். பல இடங்களில் நலச் சங்கத்தின் பெயரே 'மனைவியர்' என்றுதான் இருக்கும். அமைப்பாளருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள்: 'கணவர்களும் வரலாமா? எந்த நிகழ்ச்சிக்கு வந்தால் பொருத்தமாக இருக்கும்?' அநேகமாக ஆம் என்றே பதில் வரும், கேட்டவர் இல்லாததால்தான் எழுதாமல் விட்டிருப்பார்கள். உட்கார்ந்து பேசும் கூட்டத்தைவிடக் கையால் செய்யும் வேலை எளிது: விளையாட்டு மைதானம் ஒழுங்குபடுத்துவது, சைக்கிள் சரிபார்க்கும் நாள், வீடு மாறுகிறவருக்குச் சுமை ஏற்றுவது. தனி ஆளாக ஒரு பெண்ணை அழைக்கச் சங்கடமாக இருந்தால் குடும்பத்தோடு வரச் சொல்லி அழையுங்கள்.

கேள்வி கேட்டவருக்கு, இராணுவத்துக்கு வெளியே அந்த மூன்றாவது ஆளைத் தேடும் வழி. ஒருநாள் நிகழ்ச்சிகளில் நேரத்தை விடாதீர்கள். தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். அதே ஆட்கள் குறைந்தது எட்டு வாரம் வருவார்களா, ஆறு முதல் பன்னிரண்டு பேருக்குள் இருக்கிறதா, தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் நின்று பேச இடம் இருக்கிறதா. மொழி வகுப்பு, சேர்ந்திசைக் குழு, மண்பாண்ட வகுப்பு எல்லாம் தேறும். இசையோடு ஓடும் உடற்பயிற்சி வகுப்பு தேறாது, அங்கே யாரும் பேசுவதில்லை. தன்னார்வப் பணி என்றால் இரண்டு பேராகச் செய்யும் வேலையைக் கேட்டு வாங்குங்கள், அதே கிழமை அதே ஆளோடு. தனியாக உட்கார்ந்து உறை ஒட்டும் வேலையை ஒப்புக்கொண்டால் புண்ணியம் கிடைக்கும், தோழி கிடைக்க மாட்டார்.

இரண்டு வருடத்தில் போய்விடுவேன் என்பதை எப்போது சொல்வது என்று பலர் குழம்புகிறார்கள். மூன்றாவது நான்காவது சந்திப்பில், பேச்சோடு பேச்சாக, தேதியோடு சொல்லிவிடுங்கள். முதல் நாளே சொன்னால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும். ஒரு வருடம் கழித்துச் சொன்னால் மறைத்ததாக ஆகிவிடும்.

நீலக்குடை:

நடுராத்திரியில் கூப்பிடக்கூடிய ஆள் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு 200 மணி நேர நெருக்கம் வேண்டியதில்லை. முன்கூட்டியே வாய்விட்டுப் பேசி வைத்த ஒப்பந்தம் வேண்டும். நெருங்கிய தோழியாக இருந்தும், எதற்குக் கூப்பிடலாம் எதற்குக் கூடாது என்று பேசி வைக்காததால் விடியும்வரை வயிற்றுவலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. உங்கள் கணவர் கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது, பழக்கமான ஒருவரிடம் நேராகக் கேளுங்கள்: 'அவர் இல்லாத ஆறு மாதத்துக்கு இரவில் அவசரம் என்றால் உங்களைக் கூப்பிடலாமா? உங்களுக்கும் நான் வருவேன். ஆஸ்பத்திரி, பூட்டு, தண்ணீர்க் குழாய் உடைவது, இந்த மூன்றுக்கு மட்டும்.' எல்லையைச் சொல்லிக் கேட்டால் ஆம் சொல்வது எளிது. இரவு பத்து மணிக்கு மேல் செய்தி அனுப்பாமல் அழைப்புத்தான் செய்வது என்றும் பேசிக்கொள்ளுங்கள். செய்தி அனுப்பினால் தூங்குகிறவருக்குக் கேட்காது.

பேசியதும் செய்ய வேண்டியவை. மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் உங்கள் கதவில் அவர் கையாலேயே மூன்று முறை திறந்து பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் வெட்டிய சாவி முதல் முறை திரும்பும், இரண்டாம் முறை பாதியில் சிக்கும். பல்லின் ஓரத்தில் பிசிறு நின்றிருக்கும், மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். இதைப் பகலில் பார்த்து வைக்காவிட்டால் இரவில்தான் தெரியவரும். பிறகு ஒரு அட்டை: உங்கள் இரத்த வகை, எடுத்துக்கொள்ளும் மருந்து, ஒவ்வாமை, யூனிட் கிளம்பிய பிறகு இங்கேயே தங்கும் பிரிவில் குடும்பங்களுக்குப் பொறுப்பானவரின் எண், இரு வீட்டுப் பெற்றோர் எண். ஒன்றை உங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், ஒன்று அவரிடம். குழந்தைகள் இருக்கும் மற்றவர்களுக்கு: பள்ளியில் குழந்தையை அழைத்துப்போக அனுமதி உள்ளவர் பட்டியலில் தோழியின் பெயரை எழுத்தில் சேர்த்துவிடுங்கள். தோழி வாசலில் நிற்பார், குழந்தை அவரைப் பார்த்துக் கையாட்டும், ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஆசிரியர் அனுப்ப மாட்டார், அனுப்பவும் கூடாது.

கிளம்பும் முன் வரும் வாரங்களைப் பற்றி முன்னெச்சரிக்கை. கேத்லீன் வெஸ்டல் லோகன் 1987-இல் கடற்படையினரின் மனைவியரை வைத்து, பிரிவின் மனநிலையை ஏழு கட்டமாக எழுதினார். கிளம்புமுன்பே ஒரு விலகல் வரும் என்பது அதில் ஒன்று. கணவன் மனைவிக்குள் காரணமில்லாமல் சண்டை வரும், எதிலும் ஒட்டாது. அந்த நாட்களில் தோழிகளையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். இருக்கும் கொஞ்ச நேரம் அவருக்கே என்று நடையையும் வகுப்பையும் நிறுத்திவிட்டால், அவர் போன மறுநாள் எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். வாரத்தில் ஒரு நடையையாவது விடாதீர்கள். கிளம்பும் நாளுக்கு அடுத்த மூன்று நாளுக்கும் இப்போதே ஆளும் மணியும் எழுதி வையுங்கள். முதல் நாள் மாலை ஒருவரோடு, இரண்டாம் நாள் காலை நடை, மூன்றாம் நாள் வகுப்பு. அன்று முடிவெடுக்கச் சொன்னால் யாரும் வெளியே போக மாட்டார்கள். அவர் திரும்பி வரும்போதும் இதே தவறு நடக்கும். முதல் இரண்டு வாரம் வீட்டோடு இருங்கள், அதைத் தோழிகளிடம் சொல்லிவிட்டு இருங்கள், பிறகு பழைய கிழமைக்குத் திரும்புங்கள்.

ஒரே ஆள் மீது எல்லாவற்றையும் இறக்காதீர்கள். அழுகைக்கு ஒருவர், சாவிக்கு ஒருவர், சிரிப்புக்கு ஒருவர் என்று இருந்தால் மூவரும் நிற்பார்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டே இருந்தால் அது தோழியிடம் சொல்லித் தீரும் விஷயம் இல்லை, மருத்துவரிடம் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கடைசிவீடு:

நீலக்குடை சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க, தோழிகள் மத்தியிலதான் இது அதிகமா நழுவுது. கிளம்பற தேதி, திரும்பற தேதி, இடம், எத்தனை பேர், எந்த வழி, இது எதுவும் குழுச் செய்தியில வேண்டாம். 'இன்னும் 12 நாள்'னு தினமும் எண்ணிப் போடறது பார்க்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா அதுவே திரும்பற தேதிதான். வீட்டு ஆள் இல்லைன்னு ஊருக்கே சொன்ன மாதிரியும் ஆகும். சேர்ந்து ஓடறவங்க, நடக்கறவங்க போன்ல இருக்கற உடற்பயிற்சி செயலியைப் பாருங்க. ஸ்ட்ராவாங்கற அப்படிப்பட்ட செயலி 2017 நவம்பர்ல வெளியிட்ட உலக வரைபடத்துல, வீரர்கள் ஓடின தடங்களே படைத்தளங்களோட வடிவத்தைக் காட்டிக் கொடுக்குதுன்னு 2018 ஜனவரியில வெளிய தெரிஞ்சுது. வழித்தடம் யாருக்கும் தெரியாதபடி வச்சுக்குங்க, படத்துல இடம் பதியறதையும் நிறுத்திடுங்க.

இன்னும் கனமான ஒண்ணு. அவங்க களப்பணிக்குப் போன இடத்துல யாருக்காவது உயிர்ச்சேதமோ பெரிய காயமோ ஆனா, பல படைகள்ல அந்த முகாமோட போன், இணையம் எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, அந்தக் குடும்பத்துக்கு முறையா சொல்லி முடிக்கிற வரைக்கும். அதனால எல்லார் போனும் ஒரே நேரம் அமைதியானா குழுவுல 'உங்களுக்கு வந்துதா, என்ன ஆச்சு'ன்னு யாரும் தொடங்கக் கூடாது, இது இப்பவே பேசி வச்சுக்க வேண்டியது. அந்தக் குடும்பம் அதே குழுவுல இருக்கலாம். அந்த நேரம் போனை விட்டுட்டு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய் பக்கத்துல உட்காருங்க.

மூட்டைமுடிச்சு:

எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டேன். ஓரத்து நாற்காலிக்காரர் யார் என்று தெரிந்துவிட்டது, முதல் மாடியில் இருக்கிறார். கடைசியாக ஒன்று. இத்தனையும் செய்து ஒருவர் கிடைத்த பிறகு 24 மாதத்தில் பிரிய வேண்டும். அதை எப்படிக் கையாள்கிறார்கள்?

தூறல்:

கடைசி எட்டு வாரத்தில் சந்திப்பைக் குறைக்காதீர்கள். பிரிவு வலிக்கும் என்று முன்கூட்டியே ஒதுங்கினால் கடைசியில் நினைவில் நிற்பது அந்த ஒதுக்கம்தான். எல்லோரோடும் தொடர்பில் இருப்பேன் என்று இருபது பேருக்கு வாக்குக் கொடுத்தால் ஒருவரோடும் இருக்க முடியாது. இரண்டு அல்லது மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, கிளம்பும் முன்பே நாளைக் குறித்துவிடுங்கள். மாதத்தில் முதல் ஞாயிறு, இத்தனை மணி, அரை மணி நேரம். நேர வித்தியாசம் அதிகம் என்றால் குரல் பதிவு அனுப்பிக்கொள்ளுங்கள், அவரவர் நடக்கும்போது கேட்கலாம். இடையில் ஆறு மாதம் விட்டுப்போனாலும் கூச்சப்படாமல் ஒரு வரி அனுப்புங்கள். பெகி லியூவும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்டது இதுதான்: எதிர்பாராமல் விசாரித்து வரும் செய்தியைப் பெறுகிறவர் எவ்வளவு மகிழ்கிறார் என்பதை அனுப்புகிறவர் பொதுவாகக் குறைத்தே எண்ணுகிறார்.

போகும் முன் ஒரு வேலை மிச்சம் இருக்கும். கடைசி மாதங்களில் அந்தக் கட்டடத்துக்குப் புதிதாக யாராவது வந்திருப்பார்கள். அவரை உங்கள் காலை 7 மணி நடைக்கு மூன்று நான்கு முறை அழைத்துப் போங்கள். நீங்கள் போன பிறகு உங்கள் தோழி படிக்கட்டடியில் தனியாக நிற்க மாட்டார். அதே சமயம் அடுத்த ஊரின் குடும்பக் குழுவில் ஆறு வாரம் முன்பே சேர்ந்து, உங்கள் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். அங்கே படிக்கட்டின் அருகில் வீடு கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் கொடுப்பார்கள்.

முதல் மாடிக்காரரிடம் ஏணி கேட்க நாளை காலையே போங்கள்.